நூற்றெண்பதில் நின்ற முள்

சுங்கை சுமுன் முச்சந்தியில்
டயர் கடைக்கும் நாசி கண்டார் கடைக்கும் நடுவில்
என் பட்டறை.
மைலோ டின்னில் பஞ்சு சுற்றிக்
கொண்டுவந்து வைத்தான் வேய் சியாங்
ஐம்பத்தெட்டாம் வருடத்து டிராக்டரின்
வெப்பமானியை.

"புதுசு முப்பத்தஞ்சு வெள்ளிதான் அக்கா.
ஆனா அதுல எட்டு சரியில்ல.
இந்த எட்டப் பாருங்க."

பார்த்தேன்.
இதற்கு இடுப்பு மேலேறியிருக்கிறது,
அடிவயிறு கொஞ்சம் கனம்.
புதிதில் இருப்பது எட்டல்ல,
ஒன்றின்மேல் ஒன்று வைத்த இரண்டு முட்டை.

டிராக்டர் அவன் கோப்பிக் கடை வாசலில் நிற்கப்போகிறது,
வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து படமெடுக்க.
நகராத வண்டிக்குச்
சூடு சொல்ல ஒரு முள் எதற்கு?
கேட்கவில்லை.
முன்பணம் வாங்கியிருந்தேன்.

பித்தளை வளையத்தை நெம்பி எடுக்க ஒரு பகல் போனது.
முள் நூற்றெண்பதில்.
தட்டினேன், அசையவில்லை.
சூடுமில்லை, ஆறலுமில்லை,
எல்லாம் நலம் என்கிற இடம் அது.

பின்னாலிருந்து இறங்கும் செம்புக் குழாய்
நூல் கனம்கூட இல்லை.
அதைச் சுற்றிய கம்பிச் சுருளை
ஒரு சாண் பிரித்தபோது
குழாய் தட்டையாகக் கிடந்தது,
கிளாம்ப்பின் பல் பதிந்து.
உள்ளே அடைபட்ட ஈதர்
முள்ளை அங்கேயே பிடித்து வைத்திருக்கிறது.
பிறகு அந்த வேலையைத்
துரு எடுத்துக்கொண்டது.

வண்டியோடு வந்த சர்வீஸ் புத்தகத்தில்
கிராணியின் சாய்ந்த எழுத்து:
எண்பத்து மூன்று ஜூன், கேஜ் குழாய் ஆடுகிறது, இறுக்கப்பட்டது.
ஜூலை, எஞ்சின் கொதித்து இறுகிவிட்டது.
டிரைவர் சவரிராயன், அசட்டை.
மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தம்.

இரண்டு பதிவுக்கும் நடுவே
ஒரு வரி இடம்.
அதில் டீக் கறை.

மீன் கடையில் ஐஸ் வாங்கிவந்தான் ஃபைசால்.
கெம்போங் மீன் வாடையோடு
உப்புப் போட்டுக் கலக்கினேன்.
முப்பத்தஞ்சு வெள்ளி கேஜின் குமிழை அதற்குள் முக்கி
ஈதர் உறங்கும்வரை காத்திருந்து
குழாயை வெட்டிப்
பழையதின் வாயில் வைத்துப் பற்றவைத்தேன்.
மூச்சு விடவில்லை.
நானும்தான், ஃபைசாலும்தான்.
நசுங்கிய அரை அங்குலம்
மேசையில் கிடந்தது.

பிறகு கெத்தல்.
குமிழைத் தண்ணீரில் விட்டு அடுப்பைத் திருகினேன்.
நூறு. நூற்று நாற்பது.
நூற்றெண்பதில் ஒரு கணம் தயங்கிற்று,
வீட்டு வாசலில் செருப்புக் கழற்றுகிறவன் மாதிரி.
அப்புறம் தாண்டியது.
இருநூறு.
தண்ணீர் குமிழியிடும்போது
சிவப்புக்குள் நின்று நடுங்கியது.

சவரிராயன் நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை.
தேங்காய் லோரிக்குப் பிரேக் சரிசெய்ய
மாதமொரு முறை எனக்குத்தான் அடிப்பார்.
சொன்னேன்.
"அதுக்கு இப்ப என்னம்மா?
இங்க எடை போட்டுக்கிட்டிருக்காங்க."
வைத்துவிட்டார்.

இரவு பதினொன்றே காலுக்குப் போன் வந்தது.
"அந்த நசுங்கல்,
சீட்டுல உக்காந்து குனிஞ்சா தெரியிற பக்கமா?"

விளக்கைப் போட்டேன்.
குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
"அடிப்பக்கம் அண்ணே. கம்பிச் சுருளுக்குள்ள.
யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியில்
யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
"ரேடியேட்டர்ல கைய வச்சேன்மா, சுட்டுச்சு.
கிராணிகிட்டச் சொன்னேன்.
முள்ளப் பாரு, நல்லாத்தானே இருக்குன்னான்.
நானும் முள்ளத்தான் பாத்தேன்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
பிறகு கேட்டார்,
குரலில் ஒன்றுமே இல்லாமல்:
"ஏறிப் படமெடுக்க
அந்தப் பையன் எவ்வளவு வாங்கப்போறானாம்?"